கலோரிக் கணக்கு பாதியில் நின்றுவிடுகிறது: வீட்டுச் சாப்பாடு சாப்பிடுபவர்கள் எப்படித் தொடர்கிறீர்கள்?

மலைக்கோட்டை

வணக்கம். எனக்கு 38 வயது, உயரம் 156 செ.மீ., எடை 72 கிலோ. போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 6.1 என்று வந்திருக்கிறது. சர்க்கரை இன்னும் வரவில்லை, ஆனால் ஐந்தாறு கிலோ குறைத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கலோரி எண்ணும் ஆப் ஒன்றைப் போனில் போட்டிருக்கிறேன். ஒரு நாளைக்கு 1200 என்று அது சொல்கிறது. காலையில் சிக்கல் இல்லை. மூன்று இட்லி, சட்னி, காபி என்று எழுதிவிடலாம். மதியம்தான் எல்லாம் குழம்பிப்போகிறது. ஐந்து பேருக்கு ஒரே குக்கரில் சாதம், ஒரே பாத்திரத்தில் சாம்பார், ஒரு பொரியல், ஒரு கூட்டு, ரசம், மோர். இதில் என் தட்டுக்கு வந்தது எவ்வளவு? ஆப்பில் 'சாம்பார், 1 கப்' என்று தேடினால் 60 கலோரி என்று ஒன்று காட்டுகிறது, 240 என்று இன்னொன்று காட்டுகிறது. எதை எடுப்பது? கொஞ்ச நேரம் தேடிவிட்டுப் போனைக் கீழே வைத்துவிடுவேன். மதியம் விட்டுப்போனால் இரவு எழுதத் தோன்றுவதில்லை. இரண்டு நாள் அப்படிப் போனால் அந்த வாரமே போச்சு.

ஓட்ஸ், சாலட் என்று எனக்கு மட்டும் தனியாகச் செய்துகொள்ள விருப்பமில்லை. பிள்ளைகளோடு உட்கார்ந்து அதே சாப்பாட்டைத்தான் சாப்பிட வேண்டும். இப்படி ஒரே பானைச் சாப்பாட்டில் மாதக்கணக்காகக் கணக்கைத் தொடர்ந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

சைக்கிள்மணி

முதலில் அந்த 1200-ஐ மாற்றுங்கள். வாரத்துக்கு ஒரு கிலோ குறைய வேண்டும் என்று ஆப்பில் கொடுத்திருப்பீர்கள், அதனால்தான் அவ்வளவு கீழே இறக்கியிருக்கிறது.

மிஃப்லின்–செயின்ட் ஜியோர் என்று 1990-இல் வந்த ஒரு சூத்திரம் உண்டு. எடையை 10-ஆல் பெருக்கினால் உங்களுக்கு 720. உயரத்தை 6.25-ஆல் பெருக்கினால் 975. இரண்டையும் கூட்டி, வயதின் ஐந்து மடங்கான 190-ஐயும், பெண்களுக்கான 161-ஐயும் கழித்தால் 1344. சும்மா படுத்திருந்தாலே உங்கள் உடம்பு செலவழிப்பது ஏறக்குறைய இவ்வளவு. வீட்டு வேலை, கடைக்குப் போய் வருவது எல்லாம் சேர்த்து 1.3-ஆல் பெருக்கிப் பாருங்கள், 1750 பக்கம் வரும்.

ஆக, 1400 சாப்பிட்டால் தினமும் 350 குறைகிறது. ஒரு கிலோ கொழுப்புக்கு 7700 கலோரி என்று வைத்தால் மூன்று வாரத்துக்கு ஒரு கிலோ. உடம்பு இளைக்க இளைக்க அதன் செலவும் குறையும், எனவே போகப் போக இன்னும் மெதுவாகும். இருந்தாலும் 1400-இல் ஒருவர் வருடம் முழுக்க இருக்க முடியும். 1200-இல் இருந்தால் சீக்கிரமே ஒரு நாள் ராத்திரி பதினோரு மணிக்கு மிக்சர் டப்பா திறக்கும்.

கொடைரோடு

சகோதரி, உங்கள் சிக்கல் மன உறுதியில் இல்லை. இந்த ஆப்கள் எல்லாம் பாக்கெட்டில் வாங்கித் தனித்தனியாகச் சாப்பிடுகிறவர்களுக்காகச் செய்தவை. பாக்கெட்டை ஸ்கேன் செய்தால் வேலை முடிந்தது. நம் வீட்டுச் சாம்பாரை ஸ்கேன் செய்ய முடியாது. அடுத்தவர் வீட்டுச் சாம்பாரின் எண்ணும் நமக்கு உதவாது. அதனால் ஆப்பில் தேடுவதை விட்டுவிட்டு உங்கள் வீட்டுக்கென்று ஒரு பட்டியல் செய்யுங்கள். நானும் மனைவியும் முறை வைத்துச் சமைக்கிறோம், இந்தப் பட்டியலை வைத்துத்தான் நான் 14 கிலோ குறைத்தேன்.

ஐந்து கிலோ வரை தாங்கும் டிஜிட்டல் தராசு ஒன்று வாங்குங்கள். குக்கர், சாம்பார்ப் பாத்திரம், வாணலி எல்லாவற்றையும் காலியாக எடை பார்த்து ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். இது ஒரு தடவை வேலை.

அப்புறம் சாம்பார் வைக்கும் அன்று பாத்திரத்துக்குள் போகிறதை மட்டும் குறியுங்கள். ஐந்து பேருக்குத் துவரம்பருப்பு 150 கிராம் என்றால் 510 கலோரி. தாளிக்க எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, 120. காய் 400 கிராம், 120 என்று வையுங்கள். புளி, பொடி எல்லாம் ஒரு 50. மொத்தம் 800. இறக்கிய பிறகு பாத்திரத்தோடு எடை பார்த்து, கதவில் எழுதிய வெறும் எடையைக் கழியுங்கள். சாம்பார் 1600 கிராம் இருந்தால் 100 கிராமுக்கு 50 கலோரி. இனி 'எங்கள் வீட்டுச் சாம்பார், 100 கிராம், 50' என்று ஆப்பில் சொந்த உணவாகச் சேர்த்துவிடுங்கள். அடுத்த வாரம் முருங்கைக்காய்க்குப் பதில் கத்தரிக்காய் போட்டாலும் இந்த எண் பெரிதாக மாறாது, மறுபடி அளக்க வேண்டாம். ஒரு வீட்டில் திரும்பத் திரும்ப வைக்கும் குழம்பும் கூட்டும் மிஞ்சிப்போனால் பதினைந்து இருக்கும். ஒரு மாதத்தில் பட்டியல் முடிந்துவிடும்.

சாதத்தில் பலர் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. அரிசி 100 கிராம் 350 கலோரி, சாதம் 100 கிராம் 130. தட்டில் இருக்கும் 200 கிராம் சாதத்தை ஆப்பில் அரிசி என்று பதிந்தால் 260 ஆக வேண்டியது 700 ஆகிவிடும். 'நான் 2000 சாப்பிடுகிறேன், ஆனாலும் பசிக்கிறது' என்று சொல்பவர்களில் சிலருக்கு நடப்பது இதுதான். குழைந்த சாதத்துக்கும் உதிரி சாதத்துக்கும் தண்ணீர் வேறு என்பதால் இன்னும் சரியாக வேண்டுமென்றால் அரிசியை அளந்து போட்டு, வெந்த மொத்த எடையால் வகுத்துக்கொள்ளலாம்.

எதை அளக்க வேண்டாம் என்பதும் முக்கியம். ரசம், மோர், கீரை, வெள்ளரி, புடலங்காய் இவற்றையெல்லாம் தராசில் வைக்காதீர்கள். எல்லாம் சேர்த்து 100 என்று ஒரே வரியில் எழுதிவிட்டு நகருங்கள். எண்ணெய், அரிசி, தேங்காய், கடலை வகை, பால், சர்க்கரை, நொறுக்குத்தீனி: கணக்கு கவிழ்வதும் நிமிர்வதும் இவற்றில்தான்.

எண்ணெய்க்கு ஒரு சுலபமான வழி: மாதம் எத்தனை லிட்டர் வாங்குகிறீர்கள் என்று பாருங்கள். நான்கு பேருக்கு நான்கு லிட்டர் என்றால் தலைக்கு ஒரு லிட்டர், அதாவது 910 கிராம். ஒரு நாளைக்கு 30 கிராம், 270 கலோரி. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில் 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கே 27 கிராம்தான் போட்டிருக்கிறார்கள். 1400-க்கு இறங்கும்போது 30 கிராம் ரொம்ப அதிகம். எங்கள் வீட்டில் எண்ணெய்ப் பாட்டிலைச் சாய்த்து ஊற்றுவதை நிறுத்திக் கரண்டியால் எடுத்தோம். வேறெதையும் தொடாமல் அதிலேயே நல்ல மாற்றம் தெரிந்தது.

ஆறுமுகநேரி

நான் பேலியோவில் இருக்கிறேன். கலோரி எண்ணுவதே இல்லை, எடை குறைந்திருக்கிறது. முட்டை, கறி, காய், பாதாம் என்று சாப்பிட்டால் பசியே தெரியாது. அரிசியை அளப்பதற்குப் பதில் அரிசியை விட்டுவிடலாமே? இந்தத் தராசு, கூட்டல், கழித்தல் எல்லாம் எத்தனை நாள் தாங்கும் என்று நினைக்கிறீர்கள்?

கொடைரோடு

உங்களுக்குப் பொருந்துகிறது என்றால் தொடருங்கள் நண்பரே, சந்தோஷம். புரதம் கூடினால் பசி அடங்கும் என்பது உண்மை, அதனால் தானாகவே குறைவாகச் சாப்பிடுகிறீர்கள். எண்ணாவிட்டாலும் கலோரி குறைந்துதான் எடை இறங்கியிருக்கிறது. பல பேருக்கு ஒரு கட்டத்தில் எடை அப்படியே நின்றுவிடும். அப்போது பார்த்தால் நெய்யும் சீஸும் கைப்பிடி பாதாமும் கணக்கில்லாமல் போய்க்கொண்டிருக்கும். சகோதரி கேட்டது பிள்ளைகளோடு அதே சாப்பாட்டைச் சாப்பிடுவது எப்படி என்று. அரிசியை விட்டால் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. ஆனால் உங்களிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்: மதியம் ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ சேர்த்தால் சாதம் தானாகக் குறையும்.

உணவியல்

நான் மருத்துவமனை ஒன்றில் உணவு ஆலோசகர். சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன்.

மலைக்கோட்டை அவர்களின் டாக்டர் சொன்ன இலக்கு சரியானது. அமெரிக்காவில் நடந்து 2002-இல் வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், உங்களைப் போலச் சர்க்கரை வரும் நிலையில் இருந்தவர்களுக்கு உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பதும் வாரம் 150 நிமிடம் உடற்பயிற்சியும் இலக்காகக் கொடுத்தார்கள். அந்தக் குழுவில் நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. 72 கிலோவில் 7 சதவீதம் என்றால் 5 கிலோ. அவ்வளவுதான் வேண்டியது.

எழுதி வைப்பதன் பலனுக்கும் சான்று உண்டு. 2008-இல் வந்த, ஏறக்குறைய 1700 பேர் பங்கேற்ற ஓர் ஆய்வில், தினமும் உணவுக் குறிப்பு எழுதியவர்கள் எழுதாதவர்களைவிட இரண்டு மடங்கு எடை குறைத்தார்கள். 2019-இல் வந்த இன்னோர் ஆய்வு இந்த இழைக்கு இன்னும் நெருக்கமானது. நன்றாக எடை குறைத்தவர்கள் முதல் மாதம் நாளொன்றுக்குச் சுமார் 23 நிமிடம் பதிவுக்குச் செலவிட்டார்கள். ஆறாவது மாதம் அது 15 நிமிடத்துக்கும் கீழே வந்துவிட்டது. எவ்வளவு நேரம் உட்கார்ந்து எழுதினார்கள் என்பதைவிட, ஒரு நாளில் எத்தனை முறை எழுதினார்கள் என்பதுதான் எடையோடு ஒத்துப்போனது. சாப்பிட்ட கையோடு தோராயமாக எழுதுவது, ராத்திரி நினைவுபடுத்தித் துல்லியமாக எழுதுவதைவிட மேல் என்று என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

நினைவை நம்பினால் என்ன ஆகும் என்று 1992-இலேயே ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. 'கொஞ்சமாகத்தான் சாப்பிடுகிறேன், ஆனாலும் இளைக்கவில்லை' என்று வந்தவர்களின் உடல் செலவழித்த ஆற்றலை அளந்து பார்த்தார்கள். உண்மையில் சாப்பிட்டதில் ஏறக்குறைய பாதியைத்தான் அவர்கள் எழுதியிருந்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. கண்ணளவு அப்படித்தான் ஏமாற்றும்.

ஒரு எச்சரிக்கை: இன்சுலின் போடுகிறவர்களும் கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது. சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் எடை குறைக்கவென்று இதைத் தாங்களாகவே தொடங்க வேண்டாம்.

மலைக்கோட்டை

எல்லோருக்கும் நன்றி. இலக்கை 1400 என்று மாற்றிவிட்டேன். பாத்திரங்களின் எடையையும் எழுதி ஒட்டிவிட்டேன்.

இன்னொன்று கேட்க வேண்டும். மாமியார் எங்களோடு இருக்கிறார், என் மேல் பாசமானவர். ஆனால் தட்டைத் தராசில் வைத்ததைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. சோற்றை எடை போட்டுச் சாப்பிட்டால் வீட்டுக்கு ஆகாது என்றார். பிள்ளைகளும் வேடிக்கை பார்க்கிறார்கள். வயதுக்கு வரப்போகும் பெண் ஒருத்தி வீட்டில் இருக்கிறாள், அவள் மனதில் சோறு என்றாலே பயம் வந்துவிடக் கூடாது. இதை எப்படிச் சமாளித்தீர்கள்?

பின்கட்டு

மா, எனக்கு 64 வயது. சர்க்கரை வந்து ரொம்ப வருடமாகிறது. தராசு சாப்பாட்டு மேசைக்கே வரக் கூடாது. உங்கள் மாமியார் சொல்வதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடாதீர்கள். சாப்பிடும் இடத்தில் எண்ணும் எடையும் வந்தால் சாப்பாட்டின் சந்தோஷம் போய்விடும் என்று பெரியவர்கள் அப்படிச் சொல்லி வைத்தார்கள்.

அடுக்களையில் ஒரு கிண்ணத்தை எடுங்கள். சாதத்தை அழுத்தாமல் தலை தட்டி நிரப்பி ஒரே ஒரு தடவை எடை பாருங்கள். எங்கள் வீட்டுக் கிண்ணத்தில் 160 கிராம் பிடிக்கிறது. அன்றிலிருந்து அந்தக் கிண்ணம்தான் என் அளவு, தராசு எதற்கு? மதியம் ஒன்றரைக் கிண்ணம், இரவு ஒன்று. குழம்புக் கரண்டியையும் இப்படியே ஒரு தடவை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கிண்ணத்தில் எடுத்துப் போட்டுக்கொண்டு எல்லோரோடும் போய் உட்கார்ந்தால் யாருக்கு என்ன தெரியப்போகிறது?

இன்னொன்று, நம்மைப் போலச் சமைக்கிற பெண்கள் எழுதாமல் விடுவது. உப்பு பார்க்க ஒரு கரண்டி, பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்த அரை தோசை, பாத்திரம் கழுவப் போடும்போது வீணாகக் கூடாது என்று வாயில் போட்டுக்கொள்ளும் இரண்டு வாய்ச் சாதம், டப்பாவை அடுக்கும்போது ஒரு முறுக்கு. எல்லாம் சேர்ந்தால் ஒரு வேளைச் சாப்பாடு. மிச்சத்தை எடுத்து வைத்துச் சாயங்காலம் கொடுங்கள். குப்பைக்குப் போனாலும் பரவாயில்லை, நம் வயிறு வீட்டின் மிச்சப் பாத்திரம் கிடையாது. இதைச் சொல்ல எனக்கு இவ்வளவு வயதாக வேண்டியிருந்தது.

பனங்கூடல்

நாங்கள் டொராண்டோவில் இருக்கிறோம். இங்கே கடையில் வாங்குவது எல்லாவற்றிலும் கலோரி அச்சடித்திருக்கும், ஆனால் வீட்டில் பிட்டும் சொதியும்தானே. பிட்டுக்குப் போடும் தேங்காய்ப்பூவை (துருவலை) எடை பார்த்துவிடலாம். சொதிக்குப் பால் பிழிந்தபின் சக்கையை எறிகிறோம். முழுத் தேங்காயையும் கணக்கில் எழுதுவதா?

கொடைரோடு

வேண்டாம், சக்கையிலும் கொழுப்பு கொஞ்சம் தங்கிவிடும். பிழிந்த பாலையே அளந்து எழுதுங்கள். கெட்டியான முதல் பால் 100 மில்லிக்கு 200 கலோரிக்கு மேல் வரும். டின் பால் என்றால் டின்னிலேயே இருக்கும். சந்தேகம் என்றால் கூட்டியே எழுதுவது நல்லது.

வேம்படி

இங்கே வேறொரு பக்கத்தையும் பதிவு செய்ய விரும்புகிறேன். நான் கலோரி எண்ணித்தான் எடை குறைத்தேன். பிறகு எண் என்னை ஆளத் தொடங்கியது. 1300-க்கு மேல் 40 போனால் தூக்கம் வராது. தோழி வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டால் அங்கே என்ன எண்ணெய் என்று தெரியாதே என்று போக மாட்டேன். மனநல ஆலோசகரிடம் போன பிறகுதான் சரியானது. இப்போது எண்ணுவதில்லை, பின்கட்டு அம்மா சொன்ன கிண்ணம் மாதிரிதான் சாப்பிடுகிறேன். எண்ணுவது தப்பென்று நான் சொல்லவில்லை. சாப்பாட்டைப் பற்றிய பயம் ஏற்கெனவே உள்ளவர்கள், பட்டினி கிடந்து அப்புறம் அள்ளிச் சாப்பிடும் பழக்கம் உள்ளவர்கள் இதில் இறங்குவதற்கு முன் யாரிடமாவது பேசிவிடுங்கள்.

உணவியல்

இதைச் சொன்னதற்கு மிக்க நன்றி வேம்படி. நான் ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன்: கூட்டி எழுதிய எண் எவ்வளவு கவனமாக இருந்தாலும் தோராயம்தான். மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்புக்கு 9 என்பது 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அட்வாட்டர் என்ற அமெரிக்க வேதியியலாளர் செய்த ஆய்வுகளிலிருந்து வந்த சராசரி. 2012-இல் பாதாமை மனிதர்களுக்குக் கொடுத்துச் சோதித்தபோது, உடம்புக்குக் கிடைத்தது அந்தக் கணக்கு சொன்னதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. எனவே 1400-க்குப் பதில் 1440 வந்தால் அதில் ஒன்றுமே இல்லை. ஒரு நாளைப் பார்க்காதீர்கள், வாரத்துக்கு 9800 என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்யாண வீட்டுக்குப் போன அன்று 2200 ஆனாலும் மற்ற நாட்களில் அது கரைந்துவிடும்.

மலைக்கோட்டை அவர்களே, மகள் முன்னால் கலோரிக் கணக்கைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது. வளரும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு வேண்டவே வேண்டாம்.

சைக்கிள்மணி

கல்யாண வீடு என்றதும் சொல்கிறேன். அன்றைக்குப் பக்கத்தை வெறுமையாக விடாதீர்கள். 'கல்யாணச் சாப்பாடு 1200' என்று ஒரே வரி எழுதினால் போதும். வெறும் பக்கம் ஒன்று வந்துவிட்டால் அடுத்த நாளும் எழுத மனம் வராது, உங்களுக்கு நடந்ததும் அதுதான்.

மறுநாள் காலை எடை இரண்டு கிலோ ஏறியிருக்கும், பயப்படாதீர்கள். ஒரே சாப்பாட்டில் இரண்டு கிலோ கொழுப்பு ஏற 15,000 கலோரி மிஞ்ச வேண்டும். அது அப்பளம், ஊறுகாய் உப்புக்கும் பாயசத்துக்கும் உடம்பு பிடித்து வைத்த தண்ணீர். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களிலும் இப்படி ஏறும். தினமும் காலையில் எடை பார்த்து ஏழு நாள் சராசரியை மட்டும் போன வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள்.

நடைப்பயிற்சிக்கு ஆப் கூட்டிக் கொடுக்கும் கலோரியைச் சாப்பிட்டுவிடாதீர்கள். உங்கள் எடைக்கு அரை மணி நேரம் நடந்தால் 120 பக்கம்தான், ஒரு வடை அளவுகூட வராது.

மலைக்கோட்டை

திரும்ப வந்துவிட்டேன். கிண்ணம் வேலை செய்கிறது. நான் கிண்ணத்தில் சாதம் எடுப்பதை மாமியார் கவனிக்கவேயில்லை. கவனித்திருந்தும் சொல்லாமல் இருக்கலாம்.

எங்கள் சாம்பார் 100 கிராமுக்கு 48 வந்தது, எழுத ஐந்து நொடி ஆகவில்லை. என்னை அசர வைத்தது சட்னி. தேங்காய்த் துருவல் 100 கிராம் 350, பொட்டுக்கடலை 30 கிராம் 110, தாளிப்பு எண்ணெய் 90, மொத்தம் 550. நான் போட்டுக்கொள்வது அதில் கால்வாசிக்கு மேல், 150 கலோரி. தட்டில் இருந்த மூன்று இட்லிக்குச் சமம்! இட்லியைக் குறைக்க வேண்டும் என்றே இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இனி வாரத்தில் பாதி நாள் தக்காளி, புதினா. காபிக்கு ஆரஞ்சு பால் பாக்கெட்டிலிருந்து நீல பாக்கெட்டுக்கு மாறினேன். கொழுப்பு 6 சதவீதத்திலிருந்து 3 ஆனதில் 300 மில்லிக்கு 80 கலோரி மிச்சம்.

ஒரு சந்தேகம் பாக்கி. இட்லி மாவை எப்படி எழுதுவது? ஒரே மாவில் இட்லி, தோசை, ஊத்தப்பம் எல்லாம் வருகிறது.

கொடைரோடு

மாவு அரைக்கும் அன்று ஊற வைக்கும் முன்பே அரிசியையும் உளுந்தையும் அளந்துவிடுங்கள். அரிசி 800 கிராம், உளுந்து 200 கிராம் என்றால் மொத்தம் சுமார் 3450 கலோரி. அரைத்து உப்புப் போட்டுக் கரைத்தபின் மாவை எடை பாருங்கள். 2400 கிராம் இருந்தால் 100 கிராம் மாவு 144. ஓர் இட்லிக்கு 40 கிராம் மாவு பிடித்தால் 58. தோசைக்கு ஒரு கரண்டி 80 கிராம் என்றால் 115. இட்லித் தட்டின் குழியையும் தோசைக் கரண்டியையும் ஒரு தடவை எடை பார்த்தால் போதும். தோசைக்கு எண்ணெயை மட்டும் தனியாகச் சேருங்கள், டீஸ்பூனுக்கு 40. ஊத்தப்பம் என்றால் மாவு ஒன்றரைக் கரண்டி, வெங்காயத்தை எழுத வேண்டாம்.